அக்கா மகனின் ரேட்டிங் கோட்டைத் திரும்ப வரைந்தபோது

2024 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூர் உட்லண்ட்சில் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தபோது அத்தான் கைப்பேசியை என் பக்கம் நீட்டினார். திரையில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் தளத்திலிருந்து ரேட்டிங் வரைபடம், அதாவது ஆட்டத்திறன் புள்ளிகளின் கோடு, அவர் மகனுடையது. இடப்பக்கம் தரையோடு தரையாக ஊர்ந்து வந்த கோடு, நடுவில் சுவர்போல எழும்பி, உச்சியில் கொஞ்சம் நின்று, வலப்பக்கம் சரிந்திருந்தது.

"பாரு மச்சான், மார்ச்சுல எங்க இருந்தான், இப்ப எங்க இருக்கான். அடுத்த வருஷம் பிஎஸ்எல்இ. செஸ் போதும்னு நினைக்கிறேன்."

அடுக்களையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அதே கிராஃபத்தானே நானும் பாக்குறேன். ஆயிரத்து நூத்துல ஆரம்பிச்ச பிள்ளை ஆயிரத்து ஐநூத்துல நிக்கிறான். ஏறித்தானே இருக்கான்?"

பையனுக்குப் பதினொரு வயது. பிஎஸ்எல்இ என்பது தொடக்கப்பள்ளி முடிவில் இங்கே எழுதும் தேசியத் தேர்வு. சோபா மூலையில் கால்களை மடக்கி உட்கார்ந்து, இரண்டு பேரையும் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வார நாள்களில் எனக்குக் கிடங்குச் சரக்குக் கணக்கை வரைபடமாக்கும் வேலை. சனிக்கிழமை மாலைகளில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித் தருகிறேன். ஒரே கோட்டைப் பார்த்து அப்பா ஒன்றும் அம்மா ஒன்றும் சொல்வதை வேறு வீடுகளிலும் கண்டிருக்கிறேன். அன்று அந்தப் படத்தை உற்றுப் பார்த்தபோது, இருவருமே அதில் இல்லாத ஒன்றைப் படிக்கிறார்கள் என்று தோன்றியது. "டிசம்பர் லீவு முடியட்டும் அத்தான், அதுவரைக்கும் எதையும் முடிவு பண்ணாதீங்க" என்று கேட்டுக்கொண்டேன். அந்த விடுமுறையில் நாங்கள் செய்ததையும் கண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பிஸ்கட் டின்னும் மூன்று பெயர்களும்

கையில் மூன்று வகைத் தரவு இருந்தது. ஒன்று, ஃபிடே மாதந்தோறும் வெளியிடும் ரேட்டிங் பட்டியல். இரண்டு, பையன் போட்டிகளில் தன் கையால் எழுதிய ஆட்டத் தாள்கள். அக்கா அவற்றை ஒரு பழைய கோங் குவான் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தாள். மூன்று, லீசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் அவன் ஆடியவை. அந்தத் தளம் ஒவ்வோர் ஆட்டத்தையும் பிஜிஎன் என்ற நகர்த்தல் பதிவுக் கோப்பாகத் தரும். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் கடிகாரத்தில் எவ்வளவு மீதி என்பதும் அதில் இருக்கும்.

தாள்களை இருவரும் உட்கார்ந்து ஸ்கிட் மென்பொருளில் ஏற்றினோம். ஷேன் ஹட்சன் தொடங்கி வைத்த இலவசத் தரவுத்தளம் அது. தோற்றம் பழையதுதான், ஆனால் ஆட்டக்காரரின் ரேட்டிங் வரைபடம், ஓர் ஆட்டத்தின் மதிப்பு வரைபடம், தேடிப் பிடித்த ஆட்டங்கள் ஆண்டுவாரியாக எவ்வளவு என்று காட்டும் வரைபடம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. பையன் தாளை வாசிக்க, நான் காயை நகர்த்தினேன். அவனுடைய கையெழுத்தில் 'பி'யும் '6'ம் ஒன்றுபோல இருந்ததால் சில தாள்களில் ஒரே இடத்தில் அரை மணி நேரம் நின்றோம்.

முதல் வரைபடத்தைத் திறந்ததும் வந்து விழுந்தவை மூன்று துண்டுக் கோடுகள். காரணம் பெயர். சிங்கப்பூரில் நம் பிள்ளைகளின் அடையாளப் பத்திரத்தில் 'த/பெ' போட்டு அப்பா பெயர் வரும். ஒரு போட்டியில் அதை அப்படியே பதிந்திருந்தார்கள். இன்னொன்றில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக முன்னால் போட்டு, காற்புள்ளி வைத்துப் பையன் பெயரை எழுதியிருந்தார்கள். மூன்றாவதில் அப்பா பெயர் முதலெழுத்தாகச் சுருங்கியிருந்தது. மென்பொருளுக்கு இவர்கள் மூன்று ஆட்டக்காரர்கள்.

இது நம் பெயர்களுக்கு வழக்கமாக நேர்வது. விஸ்வநாதன் ஆனந்தின் சொந்தப் பெயர் ஆனந்த். விஸ்வநாதன் அவர் அப்பா. ஃபிடே பட்டியலில் ஆனந்த் குடும்பப் பெயராகவும் விஸ்வநாதன் சொந்தப் பெயராகவும் இடம் மாறி நிற்கின்றன. அடுத்த தலைமுறையில் குகேஷும் பிரக்ஞானந்தாவும் பெயருக்குப் பின் ஓர் எழுத்தோடு பதிவாகியிருக்கிறார்கள். பெயரை நம்பித் தரவைத் திரட்டினால் தமிழ்ப் பிள்ளைகளின் கோடுகள்தான் முதலில் உடையும். ஸ்கிட்டில் பெயர்களை மொத்தமாகத் திருத்தும் வசதி உண்டு. அதோடு ஒவ்வோர் ஆட்டத்திலும் ஃபிடே அடையாள எண்ணையும் சேர்த்துவிட்டேன். பெயர் எப்படி வந்தாலும் எண் மாறாது.

ஏற்றமும் இறக்கமும்

பிறகு பைத்தான் நிரல்மொழியில் நானே வரையத் தொடங்கினேன். முதலில் ரேட்டிங் கோடு.

பட்டியலில் அவன் முதலில் நுழைந்தது 2023 நடுவில், 1105 புள்ளியோடு. 2024 பிப்ரவரியில் 1312. மார்ச்சில் 1587. நவம்பரில் 1511.

அந்த மார்ச் தாவலுக்கு அவன் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2024 மார்ச் 1ஆம் தேதி ஃபிடே தன் அளவுகோலையே திருத்தியது. கீழ்மட்ட ரேட்டிங்குகள் உண்மையான ஆட்டத்திறனைவிடத் தாழ்ந்துகொண்டே போனதால், 2000க்குக் கீழே இருந்த எல்லாருக்கும், 2000க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் 40 விழுக்காட்டை ஒரே நாளில் கூட்டிக் கொடுத்தது. பட்டியலின் அடித்தளமும் 1000இலிருந்து 1400க்கு உயர்ந்தது. 1312க்கும் 2000க்கும் இடைவெளி 688; அதில் 40 விழுக்காடு 275; இரண்டையும் கூட்டினால் 1587. உலகம் முழுக்க 2000க்குக் கீழிருந்தவர்களின் வரைபடங்களில் அந்த மாதம் இதே சுவர் நிற்கிறது.

ஆகவே மார்ச்சுக்கு முந்தைய எண்களையும் அதே சூத்திரத்தில் போட்டுப் புதிய அளவுக்கு மாற்றினேன். 1105 என்பது 1463 ஆனது. இப்போது கோடு 1463இல் தொடங்கி 1587க்கு ஏறி 1511க்கு இறங்கியது. சுவர் காணாமல் போயிற்று. அக்கா சொன்ன நானூறு புள்ளி ஏற்றமும் அதோடு போயிற்று. தொடக்கத்திலிருந்து நவம்பர் வரை உண்மையான ஏற்றம் 48 புள்ளி. இதை அவளிடம் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. அவள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, உள்ளது இதுதான்னா இதையே காட்டு" என்றாள்.

அடுத்தது அத்தானின் சரிவு. 1587இலிருந்து 1511க்கு வந்தால் இழப்பு 76. பதினெட்டு வயதுக்குக் கீழே, 2300க்குக் குறைவான ரேட்டிங் உள்ளவர்களுக்கு ஃபிடே 40 என்ற பெருக்கெண்ணை வைத்திருக்கிறது. பிள்ளைகள் வேகமாக வளர்வார்கள், ரேட்டிங்கும் கூடவே ஓட வேண்டும் என்பதற்காக அது. ஒவ்வோர் ஆட்டத்திலும், எதிராளியின் ரேட்டிங்கை வைத்து இவ்வளவு புள்ளி எடுப்பான் என்று ஒரு கணக்கு இருக்கும். எடுத்ததற்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை 40ஆல் பெருக்கினால் ரேட்டிங் மாற்றம் வரும். 76ஐ 40ஆல் வகுத்தால் 1.9. எட்டு மாதத்தில், பல போட்டிகளில், கணக்கைவிட இரண்டு ஆட்டத்துக்கும் குறைவாகவே அவன் பின்தங்கியிருக்கிறான். ஒரு சனிக்கிழமை காய்ச்சலோடு ஆடினாலே போய்விடக்கூடிய அளவு.

அந்த இரண்டு ஆட்டம் படத்தில் பள்ளத்தாக்காகத் தெரிந்ததற்கு வரைந்த விதம்தான் காரணம். முதல் காரணம் அச்சு. மென்பொருள் தானாகவே குறைந்தபட்ச எண்ணை அடியிலும் அதிகபட்ச எண்ணை உச்சியிலும் வைத்துவிடுகிறது. கைப்பேசித் திரை குறுகலாக இருக்கும்போது சரிவு இன்னும் செங்குத்தாகிறது. நான் அச்சை 1400இலிருந்து 2000 வரை நிறுத்தி வைத்தேன். இரண்டாவது, சாய்கோடு. ஃபிடே பட்டியல் மாதம் ஒருமுறைதான் வருகிறது. நடுவில் ரேட்டிங் அசையாது. ஆனால் இரண்டு புள்ளிகளைச் சாய்வாக இணைத்தால் பையன் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே வந்ததுபோலத் தோன்றும். படிக்கட்டுக் கோடாக மாற்றினேன். மாதக்கணக்கில் தட்டையாக நின்று, ஒரு போட்டி முடிந்த மாதத்தில் ஒரு படி ஏறும் அல்லது இறங்கும். எந்தப் படி எந்தப் போட்டி என்று அவனாலேயே விரல் வைத்துச் சொல்ல முடிந்தது.

கோட்டைச் சுற்றி ஒரு மங்கலான பட்டையும் போட்டேன். 9 சுற்றுப் போட்டியில் சம பலமுள்ளவர்களோடு 4½ எடுப்பவன் ஒரு புள்ளி கூடுதலாக எடுத்தால், அந்தப் போட்டிக்கான ஆட்டத்திறன் கணக்கு ஏறக்குறைய 80 புள்ளி தூக்கிவிடும். அவ்வளவு ஊசலாடும் ஓர் எண்ணை நூலிழைபோல வரைவது தவறு. க்ளிக்கோ என்ற இன்னொரு ரேட்டிங் முறையில் இந்த ஐயத்துக்கே ஓர் எண் உண்டு. மார்க் க்ளிக்மன் உருவாக்கியது. லீசெஸ் அதன் இரண்டாம் வடிவத்தைப் பயன்படுத்துகிறது. ஐயம் அதிகமாக இருக்கும்வரை ரேட்டிங்குக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுகிறது. ஃபிடே வரைபடத்தில் அது கிடையாது.

"ஆன்லைன்ல ஆயிரத்து எண்ணூறு வச்சிருக்கான், நேர்ல ஏன் ஆயிரத்து ஐநூறு?" என்று அத்தான் கேட்டார். இரண்டும் வேறு வேறு கூட்டம், வேறு தொடக்கப் புள்ளி, வேறு கணக்கு. ஒரே அச்சில் போடவே கூடாது. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

செந்தோசாவில் ஒரு தட்டைக் கோடு

இதற்கு நடுவே உலகச் சாம்பியன் போட்டி நம் ஊரிலேயே நடந்துகொண்டிருந்தது. ரிசார்ட்ஸ் வேர்ல்டு செந்தோசாவில், சென்னையின் 18 வயது குகேஷும் சீனாவின் டிங் லிரனும். டிசம்பர் 12, வியாழக்கிழமை மாலை 5 மணிக்குத் தொடங்கிய 14ஆவது ஆட்டத்தை நானும் பையனும் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நேரலையாகப் பார்த்தோம். பக்கத்தில் எஞ்சினின், அதாவது யார் கை ஓங்கியிருக்கிறது என்று கணிக்கும் சதுரங்க நிரலின், மதிப்பு வரைபடம் ஓடியது. நீண்ட நேரம் அது சமநிலையைக் காட்டும் பூச்சியக் கோட்டை ஒட்டியே படுத்துக் கிடந்தது. டிங்குக்கு ஒரு சிப்பாய் குறைவு. ஆனாலும் டிரா என்றே எல்லாரும் இருந்தோம். 55ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். கோடு செங்குத்தாக விழுந்தது. யானைகள் மாறி, பிஷப்புகளும் மாறியாக வேண்டிய நிலை. மிஞ்சுவது குகேஷ் வெல்லும் சிப்பாய் ஆட்டம். 58ஆவது நகர்த்தலில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்தார்.

பையன் நாற்காலியில் ஏறி நின்று கத்திவிட்டு, இறங்கி வந்ததும் கேட்டான்: "மாமா, கிராஃப்ல ஒரே ஒரு எடத்துலதான் விழுந்திருக்கு. அதுக்கு முன்னாடி நாலு மணி நேரம் குகேஷ் ஒண்ணுமே பண்ணலியா?"

நல்ல கேள்வி. விடாமல் அழுத்திக்கொண்டே இருந்ததும், எதிராளி களைத்ததும் எஞ்சின் கோட்டில் விழாது. பிழை எப்போது நடந்தது என்பது மட்டும்தான் அதில் விழும். இதை வைத்துக்கொண்டுதான் மறுநாள் அவனுடைய ஆட்டங்களின் மதிப்பு வரைபடத்துக்குப் போனோம்.

அங்கேயும் ஒரு பொறி இருந்தது. எஞ்சின் மதிப்பு சிப்பாய்க் கணக்கில் வருகிறது. +8இலிருந்து +4க்கு விழுந்தால் படத்தில் பெரிய குழி. பூச்சியத்திலிருந்து ஒன்றரை கீழே போனால் சின்னப் பள்ளம். பையன் குழிகளைத்தான் முதலில் தேடினான். லீசெஸ் இந்த மதிப்பை வெற்றி வாய்ப்பு விழுக்காடாக மாற்றும் சூத்திரத்தை வெளிப்படையாகவே போட்டிருக்கிறது. அதில் இட்டுப் பார்த்தால் +8 என்பது 95 விழுக்காடு, +4 என்பது 81. பூச்சியம் 50, ஒன்றரை கீழே என்றால் ஏறக்குறைய 37. இரண்டு வீழ்ச்சியும் ஏறத்தாழ ஒரே அளவு! சூத்திரம் 2300 ரேட்டிங் அளவில் ஆடுபவர்களின் ஆட்டங்களிலிருந்து பொருத்தி எடுத்தது. பதினொரு வயதுப் பிள்ளைகளின் ஆட்டம் அவ்வளவு உறுதியாக முடியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டேன். எல்லா ஆட்டங்களையும் ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினில் ஒரே ஆழத்தில் ஓட்டி, விழுக்காட்டில் வரைந்தபோது, பெரிய குழிகள் பல சுருங்கின. அவன் கவனிக்காமல் கடந்துவிட்ட நடு ஆட்டப் பள்ளங்கள் மேலே வந்தன. பெரும்பாலும் இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட நகர்த்தல்கள்.

ஏன் அங்கே என்பதுதான் தெரியவில்லை. தொடக்க ஆட்டம் தெரியாததால் திணறுகிறான் என்று அவனுடைய பயிற்சியாளர் சொல்லி வந்தார். நானும் அப்படியே நம்பியிருந்தேன். படம் அதற்கு ஒத்துவரவில்லை. பதினைந்து நகர்த்தல் வரை கோடு அழகாகவே போனது.

கடிகாரம்

யாரும் வரையாமல் விட்டிருந்த தரவு பிஜிஎன் கோப்புக்குள்ளேயே கிடந்தது. லீசெஸ்ஸில் அவன் ஆடிய 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல் ஆட்டங்களை எடுத்தேன். கிடையாக நகர்த்தல் எண், செங்குத்தாகக் கடிகாரத்தில் மீதி. ஓர் ஆட்டத்துக்கு ஒரு மெல்லிய கோடு. வென்றது நீலம், தோற்றது பழுப்பு.

படம் திரையில் வந்ததும் நான் எதுவும் பேசவில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை. நீலக் கோடுகளில் எங்கேயாவது ஓரிடத்தில் ஒரு பள்ளம் இருந்தது: இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் அப்படியே இறங்கி, பிறகு மெதுவாகத் தொடர்ந்தது. பழுப்புக் கோடுகள் ஏறக்குறைய கிடையாகவே ஓடி, உயரத்திலேயே அறுந்து நின்றன. தோற்ற ஆட்டங்களில் நேரத்தைச் செலவழிக்காமலேயே தோற்றிருந்தான்.

ஒரு பழுப்புக் கோட்டைத் திறந்தோம். 23ஆவது நகர்த்தல். எதிராளி 3 விநாடியில் யானையை நகர்த்தியிருக்கிறார். நம் பையன் 2 விநாடியில் பதில் போட்டிருக்கிறான். அவனுடைய கடிகாரத்தில் 13 நிமிடம் 6 விநாடி மீதி. குதிரை போயிற்று. அதற்கடுத்த ஆறு நகர்த்தல்களும் ஒவ்வொன்றும் 5 விநாடிக்குள்.

"இங்க ஏன்டா யோசிக்கல?"

மேசையில் நகத்தால் கோடு கிழித்தபடி கொஞ்ச நேரம் இருந்தான். "அவங்க டக்குனு ஆடுனாங்க மாமா. நான் யோசிச்சா எனக்குத் தெரியலன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிரும்ல."

அத்தான் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். கையில் பால் சேர்க்காத தேநீரான தே ஓ குவளை. அவர் அதைக் கீழே வைத்துவிட்டு மகனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மேத்ஸ் பேப்பர்லயும் அப்படித்தான் பண்றியா?" என்று கேட்டார். பையன் தலையாட்டினான். அந்த மாலை செஸ்ஸைப் பற்றி மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. அப்பாவும் மகனும் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் மடிக்கணினியை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பிறகு

நேரில் ஆடும் ஆட்டங்களுக்குக் கடிகாரத் தரவு தானாக வராது. ஆனால் ஆட்டத் தாளில் நகர்த்தல்களோடு கடிகார நேரத்தையும் குறித்துக்கொள்ள ஃபிடே விதி இடம் தருகிறது. ஜனவரி முதல் அவன் ஒவ்வோர் ஐந்தாவது நகர்த்தலுக்கும் பக்கத்தில் மீதி நிமிடத்தை எழுதி ஒரு வட்டம் போடுகிறான். அந்த வட்டம் போடும் நொடியிலேயே கை கொஞ்சம் நிதானிக்கிறது என்று அவனே சொன்னான். எதிராளி 5 விநாடிக்குள் ஆடினால் இரு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொள்வது அவனாகக் கண்டுபிடித்த வழி.

அதே ஜனவரிப் பட்டியலில் இன்னொன்றும் வந்தது. போட்டிக்குப் போகும்போது குகேஷுக்கு 2783, டிங்குக்கு 2728. 55 புள்ளி வேறுபாட்டுக்கு 14 ஆட்டங்களில் குகேஷ் எடுக்க வேண்டியது கணக்குப்படி 8.1. எடுத்தது 7½. அவருடைய மட்டத்தில் பெருக்கெண் 10. ஆறு புள்ளி போய் 2777 ஆனார். உலகச் சாம்பியன் பட்டம் வென்ற கையோடு கோடு இறங்கியிருக்கிறது. பையன் கணக்கைத் தாளில் தானே போட்டுப் பார்த்துவிட்டு, அதை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினான்.

கீழ்த்தளப் பிள்ளைகள் விஷயத்தில் என் வழக்கமும் மாறியது. முன்பெல்லாம் எல்லாருடைய ரேட்டிங்கையும் ஒரே படத்தில் வண்ண வண்ணமாகப் போட்டுக் காட்டுவேன். அவர்கள் அதில் தேடியது யார் யாருக்கு மேலே என்பதை மட்டும். இப்போது அவரவர் கோடு அவரவருக்கும் பெற்றோருக்கும்தான். ரேட்டிங்கைக் காட்டும்போது கூடவே கடிகாரப் படத்தையும் வைக்கிறேன்; ரேட்டிங்கைப் பார்த்து ஒரு பிள்ளை உடனே செய்யக்கூடியது எதுவும் இல்லை, கடிகாரத்தைப் பார்த்துச் செய்ய உண்டு.

பிஎஸ்எல்இக்கு என்ன செய்வது என்பதை வீட்டில் பேசி முடித்தார்கள். ஜூன் விடுமுறை வரை போட்டிகள். அதற்குப் பிறகு தேர்வு முடியும்வரை சனிக்கிழமை மாலை மட்டும். ரேட்டிங் மேலே பறந்துவிடவில்லை. 1500களிலேயே படி ஏறிப் படி இறங்கிக்கொண்டிருந்தது. பழுப்புக் கோடுகளிலும் பள்ளங்கள் விழத் தொடங்கியிருந்தன.

பிஸ்கட் டின்னில் 2023 கடைசியில் ஆடிய ஒரு போட்டியின் தாள்கள் மட்டும் இல்லை. வீடு மாறும்போது எங்கோ போய்விட்டன என்கிறாள் அக்கா. பெரும்பாலான மென்பொருள்கள் அந்த இடத்தை நேர்கோட்டால் தாண்டிவிடும். என் படத்தில் அங்கே கோட்டை அறுத்தே விட்டிருக்கிறேன், பையன் அதன் மேல் பென்சிலால் "தாள் இல்லை" என்று எழுதி வைத்திருக்கிறான்.